ஆறு டிம், வார்ம்வாலா

வெளிச்சத்தோடு எனக்கு ஜென்மப் பகை ஒன்றும் கிடையாது. முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் ஷாதிபூர் தெருவில் பாதிப் பேர் என்னை இருட்டில் உட்காரும் பொம்பளை என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் விளக்கைப் போடாமல் அடுப்பு வெளிச்சத்திலேயே சப்பாத்தி சுடுகிறவளைப் பார்த்தால் வேறென்ன சொல்வார்கள்? கரண்டு பில்லுக்குப் பயந்த கஞ்சப் பிசினாறி என்று சொன்ன கட்சியும் உண்டு. இரண்டும் பொய். எனக்கு ஒற்றைத் தலைவலி.

சாதாரணத் தலைவலி என்றால் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்த்துவிடலாம். இது வேறு ரகம். வெள்ளை வெளிச்சம் நேராகக் கண்ணில் பட்டால் அரை மணி நேரத்தில் இடது புருவத்துக்கு மேலே ஆணி இறங்க ஆரம்பிக்கும். அப்புறம் வாந்தி. அப்புறம் யார் பேசினாலும் கடித்து வைக்கலாம் போல இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பகல் வெயிலைச் சமாளிக்கக் கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? டாக்டர், “சாயங்காலம் ஆனா வெளிச்சத்தக் கொறச்சுக்கோங்க” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவருக்கென்ன, அவர் வீட்டு ஹாலில் எங்கள் மாமா இல்லை.

மாமா என்றால் என் கணவரின் வாப்பா. தீவுக்குத் தீவு போகிற போட்டுகளில் இஞ்சின் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். நாலு வருஷம் முன்னால் மாமி மௌத்தாகி எங்களை விட்டுப் போனார். என் தலைவலி முற்றியதும் கிட்டத்தட்ட அந்தச் சமயத்தில்தான். அதற்குப் பிறகு ஹாலில் ஜன்னலோர நாற்காலியில் மாமாவின் ராஜ்ஜியம். அவர் தலைக்கு மேலே ஒரு பேனல் லைட். அவரே பஜாரில் நின்று, பாக்ஸைப் பிரித்து, எரியவிட்டுப் பார்த்து வாங்கியது. அதைப் போட்டால் ஹாலில் பறக்கிற கொசுவின் காலை எண்ணலாம்.

வேடிக்கை என்னவென்றால், தனியாக இருக்கும்போது அவர் அதைப் போடமாட்டார். டிவி வெளிச்சமே அவருக்குப் போதும். நான் ஹாலுக்குள் காலை வைத்தால்தான் கையை எட்டி டக்கென்று சுவிட்சைத் தட்டுவார். எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்! பூனை வந்தால் தண்ணீரைத் தெளித்து விரட்டுவோமே, அந்த மாதிரி இருக்கும். ஒரு வாய் டீ குடிப்பதற்குள் எழுந்து படுக்கையறைக்குப் போய்விடுவேன்.

மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் முழுசாகப் புரியாது. அங்கே ஆறரை வரைக்கும் ஆகாயம் வெளிச்சம் கொடுக்கும். கடல் நடுவில் எங்கள் தீவில் கடிகாரம் டெல்லிக்காரனுடையது, சூரியன் பர்மாக்காரனுடையது. ஐந்து, ஐந்தரைக்கே இருட்டிவிடும். அதிலிருந்து தூங்கப் போகும்வரை அஞ்சு மணி நேரம் விளக்குக்கு அடியில்தான் பிழைப்பு. என் கணவர் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், டிக்கெட் கவுண்டரில் இருக்கிறார். அவர் வேலை முடிந்து வருவதும், அன்று எந்தப் போட்டில் யார் சண்டை போட்டார்கள் என்று கதை சொல்வதும், சென்னையில் படிக்கிற எங்கள் மகள் போன் போடுவதும் எல்லாம் அந்த அஞ்சு மணி நேரத்தில்தான். நான் துப்பட்டாவைக் கண்ணில் கட்டிக்கொண்டு அடுத்த அறையில் படுத்திருப்பேன். கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். காலையில், “நேத்து என்ன அப்பிடிச் சிரிச்சீங்க?” என்று கேட்டால், “அது என்னமோ, மறந்துபோச்சு” என்பார் இவர். வயிறு எரியும் எனக்கு.

எனக்கு அந்த ஹால் வேண்டும். என் வீட்டு ஹாலில், என் மனுஷர்களோடு, தலை வலிக்காமல் சாயங்காலத்தில் உட்கார வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

மாமாவிடம் நேராகச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் அப்படிப் பழக்கமில்லை. மருமகள் மாமாவிடம், சோறு போடவா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்கலாம். அந்த லைட்டை அணையுங்க என்று சொல்லக்கூடாது. சொல்ல வேண்டியது எதுவானாலும் புருஷன் வழியாகத்தான் போக வேண்டும். என் புருஷனோ டிக்கெட் கவுண்டர்காரர். அவரிடம் எதைக் கொடுத்தாலும் அது லைனில் நிற்கும்.

“மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன், சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“சரின்னாங்க.”

மறுநாள் சாயங்காலம் நான் ஹாலுக்குள் போவேன். டக். பேனல் லைட். சொன்ன பிறகும் போடுகிறாரே, எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று எனக்குள் பொங்கும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. இரண்டு வருஷம் அவருக்கு மீன் குழம்பில் புளியைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டேன். அவர் அதையும் நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டார்.

டிம்மர் யோசனையைக் கொடுத்தது மகள்தான். போனில் அவள் தோழி வீட்டு ஹாலைக் காட்டினாள். சுவரில் ஒரு குமிழ். அதைத் திருகினால் கூரையில் இருக்கிற விளக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. இந்தப் பக்கம் திருகினால் மறுபடி ஏறியது.

“உம்மா, இத வெச்சா சண்டையே இல்ல. அவங்களுக்கு வேணும்னா ஏத்திக்கலாம், உங்களுக்கு வேணும்னா எறக்கிக்கலாம்” என்றாள்.

இத்தனை வருஷம் இது எங்கே ஒளிந்திருந்தது! அன்றே கணவரிடம் சொன்னேன்.

“பாக்கலாம்” என்றார்.

“உங்க பாக்கலாம் எனக்குத் தெரியாதா? நீங்க பாக்கவே வேணாம். எட்டாயிரம் குடுங்க, நான் பாத்துக்கறேன்.”

மழைக்கு முன்னால் தகரக் கூரைக்குப் பெயின்ட் அடித்ததில் மிச்சம் நின்றது எட்டாயிரம். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று என்னிடமே நான் சத்தியம் வாங்கிக்கொண்டேன். மெயின்லேண்டில் இந்த மாதிரி விளக்குப் பதிக்க வேண்டுமானால் ஃபால்ஸ் சீலிங் போட வேண்டுமாம், அதற்கே லட்சக்கணக்கில் ஆகுமாம். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. மேலே தகரம், அதற்குக் கீழே பிளைவுட் சீலிங், நடுவில் எலி. பிளைவுட்டில் வட்டமாக ஓட்டை போட்டு விளக்கைச் சொருகினால் முடிந்தது. எலியை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கே எங்கே ஓட்டை என்பதுதான் கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு எவர்சில்வர் தட்டை எடுத்து ஹால் தரையில் பரப்பினேன். ஒரு தட்டு ஒரு விளக்கு. முதலில் நடுவில் இரண்டு வரிசையாக வைத்தேன். பிறகு சோபாவில் மல்லாக்கப் படுத்து, தலைக்கு நேரே மேலே எது வரும் என்று பார்த்தேன். இரண்டு விளக்கு சரியாக என் கண்ணுக்குள் விழும் போலிருந்தது. எழுந்து அந்த இரண்டு தட்டையும் சுவர்ப் பக்கம் தள்ளினேன். சுவரில் பட்டு வருகிற வெளிச்சம் சாந்தமாக இருக்கும், கண்ணில் குத்தாது. பிறகு டிவிக்கு எதிரே இருந்ததை நகர்த்தினேன். இல்லாவிட்டால் டிவியிலும் ஒரு விளக்கு எரியும். மறுபடி படுத்தேன், மறுபடி எழுந்தேன். இப்படியே ஒரு மணி நேரம்.

மாமா மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“யாரும்மா விருந்துக்கு வர்றாங்க?”

“யாருமில்ல மாமா. லைட்டுக்கு.”

“லைட்டுக்கா சோறு?” என்றார். பிறகு, சுவரோரம் கிடந்த தட்டுகளைப் பார்த்து, “ரெண்டு பேர மட்டும் ஏன் ஒதுக்கி வெச்சிருக்க? சண்டையா?” என்று கேட்டுவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கோபமாக இருக்கிறவள் சிரிக்கக்கூடாதென்று அடக்கிக்கொண்டேன்.

எலக்ட்ரீஷியன் குட்வில் எஸ்டேட் பக்கம் இருக்கிற வங்காளி. நாங்கள் தாதா என்று கூப்பிடுவோம், அவர்கள் பாஷையில் அண்ணன். வங்காளியும் தமிழச்சியும் பேசிக்கொள்ள இந்தத் தீவில் ஹிந்திதான் பாலம். அவர் ஹிந்தியில் பாதி வங்காளம், என் ஹிந்தியில் பாதி ராமநாதபுரம். இருந்தும் பதினைந்து வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தாதா வந்து, தட்டுகள் இருந்த இடத்துக்கு நேர் மேலே சீலிங்கில் பென்சிலால் குறித்துக்கொண்டார். பன்னிரண்டு வாட்டில் வட்ட விளக்கு ஆறு வாங்கி வைக்கச் சொன்னேன். மற்ற விவரத்தை மகளிடம் கேட்டு அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

மகள் மிகத் தெளிவாகச் சொன்னாள். “உம்மா, எல்லா எல்இடியும் டிம் ஆகாது. பாக்ஸ்ல டிம்மபிள்னு போட்டிருக்கணும். இல்லன்னா கொறைக்கும்போது படபடன்னு துடிக்கும். கலர் வார்ம் வாங்குங்க, மஞ்சளா இருக்கும். கூல் வேணாம், அது வெள்ளை.” எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில், ஒரு காலில் செருப்பும் மறு காலில் செருப்பில்லாமலும் நின்றபடி தாதாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.

“தாதா, ஆஜ் ச்சே டிம் லேகே ஆனா. வார்ம்வாலா. கூல் பில்குல் மத் லானா. சம்பால்கே லானா, ஏக் பீ டூட்னா நஹீ.”

அதாவது, இன்றைக்கு ஆறு டிம் கொண்டுவாங்க, வார்மாக இருக்க வேண்டும், கூலாகக் கொண்டுவரவே கூடாது, பத்திரமாகக் கொண்டுவாங்க, ஒன்றுகூட உடையக்கூடாது. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி என்ன சொல்ல முடியும்? டீச்சர் இல்லையா, திருத்தமாகச் சொல்லிவிட்டோம் என்ற பெருமையோடு மூன்றாம் வகுப்புக்குப் போனேன்.

மதியம் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே கண் கூசியது. ஹாலில் ஆறு விளக்கும் எரிகிறது, ஆறும் பால் வெள்ளை. தாதா ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். மாமா நாற்காலியில் அமர்ந்து உள்ளங்கையில் இருந்த உப்பை நக்கிக்கொண்டிருந்தார். டீபாய் மேல் என்னுடைய தட்டு ஒன்றில், தோல் உரித்த இரண்டு அவித்த முட்டை.

“தாதா, டிம் கஹா ஹை?” என்று கத்தினேன். டிம் எங்கே?

தாதா அமைதியாகத் தட்டைக் காட்டினார். “டிம் உதர் ஹை, பாபி. சார் தோ காயா, ஹம் தோ காயா. ஆப்கே லியே தோ ரகா.”

டிம் அங்கே இருக்கிறது அண்ணி, சார் இரண்டு சாப்பிட்டார், நான் இரண்டு சாப்பிட்டேன், உங்களுக்கு இரண்டு வைத்திருக்கிறேன்.

வங்காளத்தில் டிம் என்றால் முட்டை.

பதினைந்து வருஷம் வங்காளிகள் நடுவில் காய்கறி வாங்கியவளுக்கு, முட்டைக்கடையில் தினமும் காதில் விழுகிற வார்த்தைதான். அந்தக் காலை நேரத்தில் மட்டும் என் மூளை அதை வெளியே விடவில்லை. என் மெசேஜை முதலில் கேட்டது தாதாவின் பெண்சாதி. ஆறு முட்டை, சூடாக வேண்டுமாம், ஆறிப்போனது வேண்டாமாம், ஒன்றும் உடையக்கூடாதாம். பாவம் அந்தப் பெண், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஆறு முட்டையை அவித்து, துண்டில் சுற்றி, டிபன் பாக்ஸில் போட்டு அனுப்பியிருக்கிறாள். தாதா அதோடு, நான் முதல் நாள் சொன்னபடி ஆறு வட்ட விளக்கையும் கடையில் கிடைத்த ரகத்தில் வாங்கி வந்து பதித்துவிட்டார்.

“எலெக்ட்ரீஷியன் முட்ட கொண்டுவந்து குடுத்தா வாங்காம என்னம்மா செய்யறது?” என்றார் மாமா. “நல்ல மனுஷன். உப்பு மட்டும் நம்ம வீட்டுது.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இரண்டு முட்டையையும் நின்றபடியே தின்றேன். பசியும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைக்காரர், ஒரு தடவை கம்பி இணைத்து மாட்டிய சரக்கைத் திருப்பி எடுக்கமாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார். தாதா என் முகத்தைப் பார்த்துப் பயந்து, ஒரு வழி கண்டுபிடித்தார். “டென்ஷன் மத் லோ, பாபி. ஃபேன் கா ரெகுலேட்டர் லகா தேதா ஹூ.” ஃபேன் ரெகுலேட்டரை மாட்டிவிடுகிறாராம். காற்றைக் குறைக்கிற சாமான் வெளிச்சத்தைக் குறைக்காதா என்பது அவர் கட்சி. எனக்கும் அந்த நேரத்தில் அது நியாயமாகத்தான் பட்டது. எட்டாயிரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டதே!

மாட்டினார். ஐந்தில் வைத்தால் முழு வெளிச்சம். நாலில் ஒரு ஹம்மென்ற சத்தம். மூன்றில் ஆறு விளக்கும் கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி துடிக்க ஆரம்பித்தது. இரண்டில் மூன்று விளக்கு செத்தது, மூன்று விளக்கு கண்ணடித்தது.

“எப்பம்மா சுத்த ஆரம்பிக்கும்?” என்று மாமா அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

இடது புருவத்துக்கு மேல் ஆணி இறங்கிவிட்டது. அன்றைக்கு வந்த தலைவலி இரண்டு நாள் படுக்க வைத்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு. கதவை மூடி, ஜன்னலில் போர்வையைக் கட்டிக் கிடந்தேன். ஹாலில் மாமா இவரிடம் சொல்வது காதில் விழுந்தது. “முட்ட சூடுடா. ரெண்டையும் நின்னுக்கிட்டே தின்னா. நான் அப்பவே நெனச்சேன்.” இவர், “ஆமா வாப்பா, சூடாத்தான் இருக்கும்” என்றார். எழுந்து போய் ரெகுலேட்டரைப் பிடுங்கி இவர் தலையில் போடலாமா என்றிருந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

படுத்துக் கிடந்தபோது அழுதேன், அதையும் மறைக்கவில்லை. காசு போனதற்காக இல்லை. இனிமேல் இந்த வீட்டில் லைட் என்று வாயைத் திறந்தால் எல்லாரும் முட்டை என்று சிரிப்பார்கள். அத்தோடு என் ஹாலும் போனது. இருக்கிறவரைக்கும் இந்த அறைதான் எனக்கு என்று தோன்றிவிட்டது.

மூன்றாம் நாள் மகள் போனில் பிடித்து உலுக்கினாள். “ஆறையும் ஏன் மாத்தணும் உம்மா? மூணு போதும். ஜன்னலோர மூணு அப்பிடியே இருக்கட்டும், அதுக்குத் தனி சுவிட்ச். பேப்பர் படிக்கறதுன்னா அதப் போட்டுக்கட்டும். நீங்க உக்கார்ற பக்கம் மூணு மட்டும் டிம்மபிள். அதுக்கேத்த டிம்மர் ஒண்ணு.” சொன்னதும்தான் எனக்கே உறைத்தது. ஹால் முழுவதும் அடங்க வேண்டிய அவசியமே இல்லை. கழற்றுகிற மூன்று வெள்ளை விளக்கும் வீணாகாது. ஒன்று குளியலறைக்கு, ஒன்று வாசலுக்கு, ஒன்று கொல்லைப்புறத்துக்கு என்று மனசிலேயே பங்கு போட்டேன். பழைய பேனல் லைட்டை எங்கள் பள்ளிக்கூடத்துப் பியூனம்மா கேட்டிருந்தார். கணக்கு எட்டாயிரத்துக்குள் நுழைந்துகொண்டது.

ஆனால் சாமான் கிடைக்க வேண்டுமே, அபர்டீன் பஜாரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். “டிம்மபிளா? ஷிப்புல வரும்” என்றார் முதல் கடைக்காரர். எந்த ஷிப் என்றால் சிரிக்கிறார். இரண்டாம் கடையில் விளக்கு இருந்தது, டிம்மர் இல்லை. மூன்றாவதில் டிம்மர் என்று எடுத்துக் கொடுத்ததைத் திருப்பிப் பார்த்தேன், அது ஃபேன் ரெகுலேட்டர். எனக்கா! விட்டேன் ஒரு டோஸ், அவர் இனி எந்த டீச்சரிடமும் அந்தச் சாமானை நீட்டமாட்டார். இரண்டாம் கடையில் விளக்கை வாங்கிக்கொண்டேன். டிம்மரை மகளே சென்னையில் வாங்கினாள். இங்கே யார் மெயின்லேண்ட் போய்த் திரும்பினாலும் அவர் பெட்டியில் பாதி ஊராருடையது. பின் தெரு அக்கா ஒருவர் மருத்துவத்துக்குப் போய்த் திரும்பியபோது, அவர் நைட்டிக்குள் சுற்றி எங்கள் டிம்மரும் விமானத்தில் வந்தது.

தாதா வந்தார். இந்தத் தடவை நான் லீவு போட்டு ஏணிக்கு அடியிலேயே நின்றேன். வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. “கம் ஜ்யாதா ஹோனேவாலா” என்று, கூடிக் குறைகிற விளக்கு என்று, சுற்றி வளைத்துச் சொன்னேன். தாதா மேலேயிருந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சமஜ் கயா, பாபி” என்றார், புரிந்துவிட்டதாம். இரண்டு லைனாகப் பிரித்தார். குமிழை மாமா நாற்காலிக்கும் சோபாவுக்கும் நடுவில் இருக்கிற சுவரில் பொருத்தினார், யார் கைக்கும் எட்டுகிற மாதிரி. அவர் போகும்போது மணி நாலரை. ஹேவ்லாக் தீவிலிருந்து வருகிற போட் லேட்டாம், இவர் வர நேரமாகும் என்று போன் வந்தது. வீட்டில் நானும் மாமாவும்தான்.

இருட்டியது. மாமா மஃரிப் தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டீயோடு ஹாலுக்குள் வந்தேன். அவர் கை பழக்கத்தில் மேலே போனது. அங்கே பழைய சுவிட்ச் இல்லை. தடவிப் பார்த்துவிட்டு, குழந்தை மாதிரி என்னைப் பார்த்தார். சொல்லிக்கொடுக்க இவரும் இல்லை. வேறு வழியில்லாமல் நானே போய்க் குமிழை அமுக்கினேன். மூன்று மஞ்சள் விளக்கும் எரிந்தன.

“இத இந்தப் பக்கம் திருகுனா கொறையும் மாமா. இந்தப் பக்கம் திருகுனா கூடும்.”

“எதுக்கும்மா கொறைக்கணும்?”

நாலு வருஷம் வாய்க்குள் வைத்திருந்தது அப்போது அவிழ்ந்துவிட்டது. “எனக்கு வெளிச்சம் ஆகாது மாமா. வெள்ள வெளிச்சம் கண்ணுல பட்டா தல பொளந்துரும், வாந்தி வந்துரும். நாலு வருஷமா இதான். உங்க மகன் சொல்லலையா?”

மாமா டீயை வாங்கவில்லை.

“டயர்டா இருக்குன்னான்” என்றார். “நெதமுமாடான்னேன். நெதமும்தான்னான்.”

எனக்குப் புருஷன் மேல் வந்த கோபத்தை எழுதினால் பக்கம் போதாது. ஆனால் அதற்குள் மாமா பேச ஆரம்பித்துவிட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“மாமி இருந்த வரைக்கும் நீ ஹால்லதான் கெடப்ப. அவ போனப்பறம் வந்தா நிக்கமாட்டேங்குற. நான் என்ன நெனச்சேன்னா, பொம்பளத் தொண இல்லாத எடத்துல மாமன் மட்டும் இருக்கானேன்னு உனக்குக் கூச்சம் போலன்னு நெனச்சேன். டிவிய மட்டும் போட்டுட்டு இருட்டுல ஒரு கெழவன் உக்காந்திருந்தா எந்தப் புள்ள வந்து உக்காரும்? அதான் நீ வந்த ஒடனே லைட்டப் போட்டுருவேன். பளிச்சுன்னு இருந்தா கூச்சம் இருக்காதுல்ல. அப்பயும் நீ எந்திரிச்சுப் போயிருவ.”

சுவரில் இருந்த குமிழை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

“வெளிச்சம் பத்தல போலருக்கு, இதவிடப் பெருசா ஒண்ணு வாங்கிட்டு வாடான்னு அவன்ட்ட சொல்லிவெச்சிருந்தேன்.”

எனக்குச் சிரிப்பு முந்தியதா அழுகை முந்தியதா தெரியவில்லை. டீ தட்டில் கொட்டியது. நாலு வருஷம் ஒரு மனுஷர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நான் அவர் குழம்பில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. துப்பட்டாவை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

“வலிக்குதாம்மா?” என்று பதறினார்.

“இல்ல மாமா. வலிக்கல.”

மாமா எழுந்தார். குமிழில் கையை வைத்து, போட்டை ஜெட்டியில் அணைக்கிற மாதிரி மெல்லத் திருகினார். கொஞ்சம் திருகி என் முகத்தைப் பார்த்தார்.

“போதுமா?”

“இன்னும் கொஞ்சம் கொறைக்கலாம் மாமா.”

“இப்ப?”

“இன்னும் கொஞ்சம்.”

சுவர் மஞ்சளாகி, பிறகு தேன் நிறமாகி, ஹால் முழுதும் அடங்கியது. மூலையில் இருந்த பீரோ மறைந்தே போனது. மாமா கையைக் குமிழிலிருந்து எடுக்காமல் கேட்டார்.

“இந்த வெளிச்சத்துல என் மூஞ்சி தெரியுதா உனக்கு?”

“தெரியுது மாமா.”

“அப்ப உக்காரு” என்றார்.

உட்கார்ந்தேன்.